நண்பர்களுடன் பிராக்கில் ஒரு வார இறுதி: பணம் எங்கே கரைகிறது?

[காட்சி: எல்பே ஆற்றை ஒட்டிச் செல்லும் ரயில், ஜன்னல் வழியே மணற்கல் பாறைகள்]

வணக்கம். ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு, அதிலும் டிரெஸ்டன், லைப்சிக், கெம்னிட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு, வார இறுதியில் போய்வரத் தோதான வெளிநாட்டு நகரம் பிராக். பஸ் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் அலசி ஆராய்ந்து குறைக்க எல்லோருக்கும் தெரிகிறது. பட்ஜெட் உடைவது ஊருக்குள் இறங்கிய பிறகுதான்: பணம் மாற்றும் இடத்திலும், சாப்பாட்டு மேசையிலும். அதனால் இந்த வீடியோவில் அந்த இரண்டையும்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஆவணங்கள். பிராக்கைத் தலைநகராகக் கொண்ட செக் குடியரசும் ஷெங்கன் நாடு, அதாவது பொது விசா ஏற்பாட்டில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. ஜெர்மனியின் வசிப்பிட அனுமதி அட்டை செல்லுபடியாக இருந்தால் தனி விசா வேண்டாம். 180 நாட்களில் 90 நாட்கள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். ஆனால் அட்டையோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் ஜெர்மனி தன் செக் எல்லையில் மீண்டும் சோதனையைத் தொடங்கியது. திரும்பி வரும்போது போலீசார் பஸ்ஸில் ஏறிக் கேட்டால், போனில் இருக்கும் படம் உதவாது. அட்டை காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான தற்காலிகச் சான்று மட்டும் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். நண்பர்கள் எல்லோரும் போகிறார்களே என்று கிளம்புவது இந்த ஒரு விஷயத்தில் சரிவராது. அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை.

டிரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரும்பாலும் பஸ்தான் மலிவு. ஆனாலும் முன்கூட்டியே பதிவு செய்து நல்ல விலையில் கிடைத்தால் ரயிலுக்கே என் ஓட்டு. போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும். தங்குவதற்குப் பழைய நகரச் சதுக்கத்தை விட்டுத் தள்ளி ஜிஷ்கோவ், ஹோலெஷோவிட்சே பகுதிகளில் தேடுங்கள். நான்கு பேர் என்றால் சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். வாடகையோடு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா நகர வரியும் உண்டு. அது முன்பதிவுத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

[காட்சி: பணம் மாற்றும் கடையின் விலைப் பலகை, நெருக்கத்தில்]

இனி பணம். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்குச் சுமார் 24, 25 கொருனா என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பகுதியில் இருக்கும் கடைகளின் பலகையில் "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதியிருக்கும். கமிஷன் வாங்காமலே விலையில் அடித்துவிட முடியும். பலகையில் பளிச்சென்று தெரிவது அவர்கள் யூரோவை விற்கும் விலையாக இருக்கலாம். நமக்கு வேண்டியது அவர்கள் யூரோவை வாங்கும் விலை. பணத்தை நீட்டும் முன் "நூறு யூரோவுக்கு என் கையில் எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டுவிடுங்கள். 2,400க்குப் பக்கத்தில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். தெருவில் வந்து நல்ல விலை தருகிறேன் என்பவரிடம் நின்று பேசவே வேண்டாம். செல்லாத வேற்று நாட்டு நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போவது அங்கே பழைய மோசடி.

ஏமாந்துவிட்டால்? 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் ஒன்று இருக்கிறது. 1,000 யூரோ வரையிலான தொகையைக் கடையில் மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் அதை ரத்து செய்யலாம். ரசீது அவசியம், அதைக் கசக்கி எறியாதீர்கள். மாணவர்களுக்கு இவ்வளவு பயன்படும் சட்டம் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஏடிஎம்மிலும் ஒரு பொறி உண்டு. "உங்கள் வங்கிக்கணக்கின் நாணயத்தில் மாற்றித் தரட்டுமா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்பதை அழுத்துங்கள், கொருனாவிலேயே கழியட்டும். கடையில் கார்டு தேய்க்கும்போது இதே கேள்வி வந்தாலும் இதே பதில்தான். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும், டிராமில்கூட. ஆகவே பெரிய தொகையை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் மறக்காமல் மஞ்சள் இயந்திரத்தில் செருகி நேரத்தைப் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். மெட்ரோ நின்ற பிறகு 91 முதல் 99 வரையிலான இரவு டிராம்கள் ஓடுகின்றன. அவை லாசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திப்பதால் அங்கே வண்டி மாறிக்கொள்ளலாம். டாக்ஸி எதற்கு?

[காட்சி: சதுக்கத்துக் கடையில் அனலில் சுழலும் பன்றித் தொடை]

சாப்பாடு. பழைய நகரச் சதுக்கத்தில் கரி அனலில் வாட்டிய பன்றி இறைச்சியின் வாசனை இழுக்கும். பலகையைக் கூர்ந்து பாருங்கள்: அந்த விலை 100 கிராமுக்கு. தட்டில் விழும் துண்டு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் பில்லும் அப்படியே. நிறுக்கும் முன் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உணவகங்களில் மலிவான மதியச் சாப்பாடு பொதுவாக வார நாட்களில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் சூப்பும் ஒரு முக்கிய உணவுமாகக் குறைந்த விலையில் வயிறு நிறையும். சைவர்களுக்கு ஸ்மஜெனி சீர் என்ற பொரித்த பாலாடைக்கட்டியும், பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடையும் கைகொடுக்கும். பூண்டு சூப் என்றால் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் கணக்கு எழுதக்கூடும்.

பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் காசே வேண்டாம். 1357இல் மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலத்துக்கு விடியும் நேரத்தில் போங்கள். பத்து மணிக்கு மேல் சிலைகளைவிடத் தலைகள்தான் தெரியும். 1410இலிருந்து நிற்கும் வானியல் கடிகாரம் மணி அடிப்பதை ஒருமுறை பார்த்தால் போதும். கோட்டையின் முற்றங்களுக்கு டிக்கெட் இல்லை. 22ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும். என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட லெட்னா பூங்காதான். 1962 வரை ஸ்டாலினின் பெரிய சிலை நின்ற மேடையில் இன்று ஒரு ராட்சதத் தாளமானி (மெட்ரோனோம்) ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வுல்தாவா ஆற்றின் பாலங்கள் வரிசையாகத் தெரியும். ரொட்டியும் பழமும் வாங்கிப் போய் ஞாயிறு காலையை அங்கேயே கழிக்கலாம்.

நண்பர்களுக்குள் கணக்கு: கிளம்பும் முன்பே ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒருவரைக் காசாளர் ஆக்கிவிடுங்கள். டிராமும் சாப்பாடும் அந்தப் பொதுப்பணத்தில் போகட்டும். நினைவுப்பொருள் அவரவர் செலவு. யாருக்குக் கை இறுக்கமோ அவரால் முடியும் தொகைதான் எல்லோருக்கும் வரம்பு. அதை அவரிடம் முன்பே தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும் நாளில் சில்லறை மிஞ்சினால், அதை ஜெர்மனியில் மாற்றித் தர மாட்டார்கள். பஸ் ஏறும் முன் வழிக்கான தண்ணீரும் பன்னும் வாங்கி, நாணயங்களை அங்கேயே தீர்த்துவிடுங்கள்.