சாப்பிடுவதற்காகவே ஒரு பயணம்: எந்த ஊருக்குப் போகலாம்?

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "சாப்பாட்டுப் பிரியர்களுக்கு உலகத்தில் சிறந்த ஊர் எது என்று தேடினால், ஒரு பட்டியலில் டோக்கியோ முதலில் இருக்கிறது, இன்னொன்றில் பாரிஸ், வேறொன்றில் லிமா. எனக்கு ஒரு வாரம்தான் விடுமுறை. சுற்றி வளைக்காமல் ஒரே ஓர் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். என் மனைவியும் வருகிறார், அவர் சைவம்."

நீங்கள் மட்டும் போவதாக இருந்தால் மெக்சிகோ நகரம். யோசிக்கவே மாட்டேன். ஆனால் கேள்வியின் கடைசி வரி என் பதிலைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பட்டியல்கள். இவை ஏன் ஒத்துப்போவதில்லை என்றால், இவற்றில் பெரும்பாலானவை உணவகங்களை எண்ணுகின்றன, ஊரைப் பார்ப்பதில்லை. சிறந்த உணவகங்களுக்கு மிஷ்லின் கையேடு தரும் நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் ஒரு டயர் நிறுவனம் வாகன ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடு அது. வண்டியை எடுத்துக்கொண்டு நாலு ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் 1926இல்தான் தொடங்கியது. இன்றைக்கும் அந்தக் கையேடு எட்டிப்பார்க்காத ஊருக்கு நட்சத்திரம் கிடையாது. தாய்லாந்தில் சுற்றுலாத் துறையே பணம் கொடுத்து அதை வரவழைத்தது. மெக்சிகோவுக்கு அது வந்தது 2024இல். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் என்ன, பட்டினியா கிடந்தார்கள்? லிமாவின் சென்ட்ரல் உணவகம் 2023இல் உலகின் சிறந்த உணவகம் என்று இன்னொரு பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, பெரு நாட்டுக்கு மிஷ்லின் கையேடே வந்திருக்கவில்லை.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை எப்போது பசித்தாலும், முன்பதிவு எதுவும் இல்லாமல், அந்த ஊர்க்காரர் சாப்பிடுகிற நல்ல சாப்பாடு நடக்கிற தூரத்தில் கிடைக்கிறதா? அவ்வளவுதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பணக்கார நகரங்கள் பல சத்தமில்லாமல் பின்னால் போய்விடும்.

மெக்சிகோ நகரத்தில் நேரத்துக்கு ஒரு சாப்பாடு. காலையில் தெருமுனையில் பெரிய ஆவிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் தமால்: மக்காச்சோள மாவைச் சோளக் கதிரின் மடலில் பொதிந்து அவித்தது. அதை அப்படியே ஒரு பன்னுக்குள் வைத்தும் தருவார்கள். மாவுக்குள் மாவு, கேட்கவே விசித்திரமாக இருக்கும். அலுவலகம் போகிறவர்கள் அதை ஒரு கையிலும், சோள மாவில் காய்ச்சிய சூடான அத்தோலேவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சற்று நேரம் கழித்து, துணி போர்த்திய கூடையுடன் சைக்கிளில் ஒருவர் வந்து நிற்பார். அந்தக் கூடையின் சூட்டிலேயே வெந்து மெத்தென்று ஆகிவிட்ட டாக்கோ, அதாவது உள்ளே கறி வைத்து மடித்த சோள ரொட்டி, அவரிடம் கிடைக்கும்.

இரவில்தான் அல் பஸ்தோர். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா, மெக்சிகோவில் ஆடு போய்ப் பன்றியாகி, காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதையும் அரைத்துத் தடவிச் சிவந்து நிற்கிறது. கம்பியில் அடுக்கிய இறைச்சி நெருப்பின் முன்னால் சுழன்றுகொண்டே இருக்கும். உச்சியில் ஓர் அன்னாசித் துண்டு. கடைக்காரர் இடது கையில் உள்ளங்கை அகலச் சோள ரொட்டியான டோர்ட்டியாவை ஏந்தியபடி, வலது கைக் கத்தியால் வெந்த விளிம்பை மட்டும் மெல்லியதாகச் சீவுவார். இறைச்சி நேராக டோர்ட்டியாவில் விழும். பிறகு கத்தி நுனியால் உச்சியில் ஒரு சுண்டு. அன்னாசிச் சில்லு காற்றில் பறந்து வந்து அதே கையில் உட்காரும். மேலே பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி. மூன்றே வாய். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டியதுதான்.

அந்த டோர்ட்டியாவை லேசாக நினைக்காதீர்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவு அது. அந்தச் சுண்ணாம்புதான் சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்புக்குக் கிடைக்கச் செய்கிறது. இந்த நுட்பத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் உலகின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொன்று: நட்சத்திரத்தை நான் குறை சொன்னாலும், 2024இல் அங்கே அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, பத்தடிக்குப் பத்தடி அளவில் உட்கார இடமே இல்லாத ஒரு டாக்கோ கடை. எல் கலிஃபா தே லியோன் என்று பெயர். அந்த மட்டில் மிஷ்லினுக்கு ஒரு கும்பிடு.

ஒரு எச்சரிக்கை. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய் இறங்கிய இரவே வரிசையாக உள்ளே தள்ளினால் வயிறு கோபித்துக்கொள்ளும். முதல் நாள் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

டோக்கியோவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்தாலும் மோசமான சாப்பாடு கிடைக்க வாய்ப்பு மிகக் குறைவான ஊர் அதுதான். ஒரு கடை, ஒரு பண்டம் என்பது அங்கே பலருக்கு வாழ்நாள் நெறி. தெம்புராக் கடையில் தெம்புரா, விலாங்குக் கடையில் விலாங்கு. ரயில் நிலையத்தில் நின்றபடி உறிஞ்சிவிட்டு ஓடும் சோபா நூடுல்ஸ்கூட ஒழுங்காக இருக்கும். ஆனால் கடைகள் மிகச் சிறியவை. பெயர்பெற்றவற்றில் இடம் கிடைப்பது பெரும்பாடு. முதல் பயணத்திலேயே அந்தப் பதற்றம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் சான் செபாஸ்தியான், கடைக்கு ஒரு கடி என்று மாலை முழுவதும் கால் போன போக்கில் தின்பதற்கு ஏற்ற சின்ன ஊர். மூன்று நாள் போதும். பிரான்சின் லியோன் எனக்குப் பிடிக்கும், ஆனால் வெண்ணெயும் குடல் கறியுமாக மூன்றாவது நாள் வயிறு கையெடுத்துக் கும்பிட்டுவிடும். இத்தாலியின் பொலோன்யாவில், நாடா போன்ற தாலியதெல்லே பாஸ்தா வெந்த பிறகு எட்டு மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

இப்போது உங்கள் மனைவி விஷயம். மெக்சிகோவில் அவரைவிடப் பாவம் யாரும் இருக்க மாட்டார்கள். பீன்ஸ்தானே என்று வாங்கினால் அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். தமால் மாவிலும் அதே கொழுப்பு சேரும். டோக்கியோவில் காய்கறிக் குழம்பு என்று வாங்கினால், அதன் அடிச்சாறு காய்ந்த சூரை மீனில் எடுத்ததாக இருக்கும். பௌத்த மடங்களின் சைவச் சமையல் அங்கே உண்டு, அதற்காக ஊர் முழுக்கத் தேடித் திரிய வேண்டும். நீங்கள் கடைக்குக் கடை தின்ன, அவர் பழச்சாற்றோடு பக்கத்தில் நிற்க, ஒரு வாரம் தாங்காது.

அதனால் உங்கள் இருவருக்கும் என் பதில் இஸ்தான்புல். அங்கே காய்கறியை ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறுகிற தனி வகையே இருக்கிறது. வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய், கூனைப்பூ, அரிசியும் பைன் கொட்டையும் பொதிந்த திராட்சை இலை எல்லாம் அதில் அடக்கம். துருக்கியில் ஒருகாலத்தில் பச்சை இறைச்சியில் பிசைந்த சீ கொஃப்தேவைக்கூட இப்போது கடைகளில் உடைத்த கோதுமையில்தான் செய்கிறார்கள். அதை எலுமிச்சை பிழிந்து கீரை இலையில் சுருட்டித் தருவார்கள். பருப்பு சூப் மட்டும் சில இடங்களில் இறைச்சிச் சாற்றில் செய்யப்படும். அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்களுக்கோ கபாபும் மீனும் குறையவே குறையாது. அந்த ஊரைக் கடல் இரண்டாகப் பிரிக்கிறது. தங்கும் இடத்தை அதன் ஆசியக் கரையில், காதிக்கோய் சந்தைக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள். வரலாற்றுச் சின்னங்கள் எதிர்க்கரையில் இருந்தாலும் படகில் இருபது நிமிடம்தான். சாப்பிடத் திரும்பி வந்துவிடலாம்.