கம்ப்யூட்டர் கண் விழிக்கும் 16 பைட்!

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், காலை மழை. ஒட்டுக்கடை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்)]

வணக்கம் மக்களே. இந்த மடிக்கணினிக்குள் ஓடுகிற ஒரு போலிக் கம்ப்யூட்டரை இப்போது சாகடித்து, அடுத்த நொடியே எழுப்பப் போகிறேன். பெயர் ரீசெட். தே ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

அந்தப் போலிக் கம்ப்யூட்டரை ஓட்டுவது கியூஎமு (QEMU). தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில்: ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட திறமூல எமுலேட்டர்; இன்டெல், ஆர்ம், மிப்ஸ் என்று எந்தப் புராசஸராகவும் வேஷம் கட்டும். சரி, வரலாறு முடிந்தது.

ரீசெட் ஆன இன்டெல் புராசஸர் தன் முதல் கட்டளையை எங்கே தேடும் தெரியுமா? நினைவக முகவரிகளின் 4 ஜிபி எல்லைக்கு வெறும் 16 பைட் முன்னால்! அந்த இடத்தில் என்னதான் எழுத முடியும்? ‘அங்கே தாவு’ என்று ஒரு கட்டளை. அதுவே போதும்.

[காட்சி: ரப்பர் மரம், வெட்டுக்கோடு, மங்கு]

இப்போது எனக்குப் பிடித்த இடம். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். நிரைக்குப் போனதும் நேற்றைய கட்டிப்பாலை மங்கிலிருந்து, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்திலிருந்து, எடுத்துவிட்டுத்தான் கத்தி வைப்பார். மங்கு காலியாகும். ஆனால் மரம் அங்கேயே நிற்கும், வெட்டுக்கோடும் விட்ட இடத்திலேயே இருக்கும். ரீசெட்டும் இதேதான்! ரெஜிஸ்டர்கள், அதாவது புராசஸர் கைவசம் எண்களை வைத்திருக்கும் இடங்கள், காலியாக வேண்டும். இது எந்த மாடல் சிபியு என்ற விவரம் அழியவே கூடாது.

கியூஎமு இதை ஒரே மெம்செட்டில், அதாவது நினைவகத்தின் ஒரு பகுதியை ஒரே மதிப்பால் நிரப்பும் கட்டளையில், செய்கிறது. சிபியுவின் விவரங்களை வரிசையாக அடுக்கிவைத்திருக்கும் கட்டமைப்பில் (ஸ்ட்ரக்ட்) ஒரு கோடு; கோட்டுக்கு மேலே எல்லாம் சுழியம், கீழே தொடாதே. முன்பு அந்தக் கோடாக, அடுத்து வரும் ஏதோ ஒரு களத்தின் (ஒரு விவரத்துக்கான இடம்) பெயரையே வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர் தெரியாமல் அதற்கு மேலே ஒரு களத்தைச் செருகினால் அதுவும் சேர்ந்து அழியும். இப்போது ‘ரீசெட் களங்கள் முடிந்தன’ என்ற பெயரில் ஒரு காலிக் கட்டமைப்பு நிற்கிறது. அது பிடிக்கும் இடம்? 0 பைட்! பெயர்ப்பலகை மட்டும் உண்டு, வீடு இல்லை. இதை எழுதியவருக்கு நான் ஒரு தே வாங்கித் தருவேன்.

இன்னொன்று டிஎல்பி, அதாவது நிரல் கேட்கும் முகவரி உண்மையில் நினைவகத்தில் எங்கே என்று குறித்துவைக்கும் ஏடு. ஒவ்வொரு புராசஸரின் ரீசெட் நிரலும் இதைத் தனித்தனியாகத் துடைத்தது. சிலது நேரடியாக, சிலது மெம்செட் வழியாக, சிலது இரண்டு வழியிலும்! 2017இல் அந்த வேலையை எல்லோருக்கும் பொதுவான ரீசெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால், நிரல் எழுதுவதைவிட இப்படி நீக்குவதுதான் பெரிய திறமை.

[காட்சி: கறுப்புத் திரை]

நீங்களும் பாருங்கள். கியூஎமு கட்டளையில் மைனஸ் டி, அப்புறம் சிபியு அண்டர்ஸ்கோர் ரீசெட் (-d cpu_reset) என்று கொடுத்து இன்டெல் எந்திரம் ஒன்றை ஓட்டினால், முதல் ரீசெட்டில் இஐபி, அதாவது அடுத்த கட்டளை இருக்கும் இடத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர், 0 என்று வரும். அடுத்ததில்தான் எஃப் எஃப் எஃப் 0, முதலில் சொன்ன அந்த 16 பைட் இடத்தைக் காட்டும் எண். பிழை என்று நினைத்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிழையே இல்லை. துடைப்பதற்கு முன்னால் இருந்த நிலையைத்தான் கியூஎமு அச்சிடுகிறது. மங்கைக் கவிழ்க்கும் முன் உள்ளே எட்டிப் பார்ப்பது போல.

மங்கு என்றுதான் சொன்னேன், மங்கை இல்லை. கமெண்டில் ஆரம்பித்துவிடாதீர்கள்!