மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்
(மதுரையில் விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, மதுரைக்காரர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆள் கிடைத்துவிடுகிறார்கள். எழுதியதைச் சரிபார்க்கத்தான் ஆள் வேண்டும்.

வெட்டி ஒட்டியதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடினாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சொல்லை மட்டும் மாற்றி எழுதியதுதான் கண்ணில் படாமல் போகும். ஒரு நூலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: “வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக மதுரையில் பிறந்த எம்.எஸ்., தாயின் விரல் நுனியிலேயே இசையின் அகரத்தைப் படித்தார்.” கட்டுரையில் அது, “மதுரையில் வீணைக் கலைஞரான சண்முகவடிவுக்குப் பிறந்த சுப்புலட்சுமி, அன்னையின் விரல் நுனியில் இசையின் அரிச்சுவடியைக் கற்றார்” என்று வருகிறது. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? பிறந்த ஊர் மதுரை, பிறந்த நாள் 1916 செப்டம்பர் 16, தாயார் வீணைக் கலைஞர் என்பவை தகவல்கள்; யாருக்கும் சொந்தமில்லை. விரல் நுனியில் அகரம் படித்த கற்பனை அந்த நூலாசிரியருடையது. ‘அடிக்குறிப்பில் நூல் பெயரைக் கொடுத்துவிட்டோமே’ என்பார்கள். தகவல் எங்கே கிடைத்தது என்று காட்டத்தான் அடிக்குறிப்பு. நடையை எடுத்துக்கொள்ள அது அனுமதிச் சீட்டு ஆகாது. ஆங்கில நூலைத் தமிழாக்கி எழுதினாலும் இதே கதைதான்.

நகல் காட்டும் கருவிகளைத் தமிழில் முழுதாக நம்பாதீர்கள். அடுத்தடுத்து வரும் சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்றுதான் அவை பெரும்பாலும் பார்க்கும். ‘மதுரையில்’ என்பதை ‘மதுரையிலே’ ஆக்கினால் சங்கிலி அறுந்துவிடும். மூலம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலோ இருந்தால் கருவிக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே மூலத்தையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தகவல்கள் வரும் வரிசையைப் பாருங்கள். மூலத்தில் பள்ளி, திருமணம், சிறை, விருது என்று போனால், கட்டுரையும் பத்திக்குப் பத்தி அப்படியே போகிறதா? உவமைகளும் அடைமொழிகளும் ஒத்துப்போகின்றனவா? மணிவிழா மலரிலிருந்து வந்த பத்தி அடைமொழியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்; நம்மூர்ச் சுவரொட்டி வாடை அடிக்கும்.

குற்றம் சாட்டும் முன் கட்டுரையின் ‘வரலாறு’ பகுதியைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் சேர்ந்தது என்று பாருங்கள். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துப் போட்ட தளங்களும் ஏராளம். யார் முந்தி என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல கட்டுரை அழிந்துபோகும்.

அடுத்தது சொந்த ஆய்வு, அதாவது எந்தச் சான்றிலும் இல்லாத முடிவை நாமே எழுதிவிடுவது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்; சான்று உண்டு. பாரதியார் 1904இல் இங்கே சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அதற்கும் சான்று உண்டு. இரண்டையும் சேர்த்து, ‘இதனால் சங்கத்தின் தாக்கம் பாரதியிடம் படிந்தது’ என்று எழுதினால் அந்த ‘இதனால்’ யாருடையது? ஆய்வாளர் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதலாம். இல்லையென்றால் நீக்க வேண்டும், முடிவு சரியாகவே இருந்தாலும். சான்றுள்ள இரண்டு வரிகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் இதைப் பிடிப்பதுதான் கடினம். ‘முதன்முதலாக’, ‘ஒரே’ போன்ற சொற்களையும் நிறுத்திக் கேளுங்கள். ஆனால் கணக்கை ஆய்வு என்று விரட்ட வேண்டாம். விளாச்சேரியில் 1870 ஜூலையில் பிறந்த பரிதிமாற் கலைஞர் 1903 நவம்பரில் மறைந்தார் என்றால், 33 வயது என்று எழுதத் தனிச் சான்று தேவையில்லை. பெயரை வைத்துச் சாதியை ஊகித்து எழுதுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது.

உயிரோடு இருப்பவரைப் பற்றிய சர்ச்சைக்குரிய வரிக்குச் சான்றில்லையா, ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுக் காத்திருக்காமல் உடனே நீக்குங்கள். அப்பட்டமான நகலை எடுத்துவிட்டு, பழைய பதிப்பையும் மறைக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். மூலத்தின் சொல்லை மட்டும் மாற்றி எழுதியதைத் திருத்த, மறுபடியும் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். தகவலை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, நூலை மூடிவிட்டு, வேறொரு மூலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு மூலத்தின் வரியையும் கட்டுரையின் வரியையும் உரையாடல் பக்கத்தில் எதிரெதிரே வையுங்கள். அதே பயனர் எழுதிய வேறு கட்டுரைகளையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தப் பழக்கம் ஒரு கட்டுரையோடு நிற்பது அபூர்வம்.