ஏணி எப்போது வழுக்கும்?

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டில் நிலையியல் பாடம் வரும். அசையாமல் நிற்கும் பொருள்களின் மேல் செயல்படும் விசைகளைப் பற்றிய பாடம் அது. பல மாணவர்கள் அதைப் பார்த்ததும், "இதெல்லாம் பள்ளியிலேயே படிச்சதுதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லா விசைகளையும் கூட்டினால் சுழி, எல்லாத் திருப்புத்திறன்களையும், அதாவது ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பும் விளைவுகளையும் (விசை பெருக்கல் தூரம்) கூட்டினால் சுழி. பார்க்கப்போனால் பாடம் மொத்தமும் இந்த இரண்டு வரிதான். அதனாலேயே அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது சுமை ஏறினால் பொருள் எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் பாடம் வரும்போது திணறுகிறார்கள். அந்தத் திணறலின் வேர் பெரும்பாலும் நிலையியலில்தான் இருக்கிறது.

ஓர் ஏணியை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் காகிதம் இருந்தால் வரைந்துகொண்டே கேளுங்கள். 5 மீட்டர் ஏணி, வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அடிப்பகுதி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, நுனி 4 மீட்டர் உயரத்தில். ஏணியின் எடை 200 நியூட்டன், சரியாக நடுவில் கீழ்நோக்கி இழுக்கிறது. சுவர் வழவழப்பானது என்பதால் ஏணியைக் கிடையாக மட்டுமே தள்ள முடியும். ஏணியின் அடியை மையமாக வைத்துத் திருப்புத்திறன் பார்த்தால், 200ஐ 1.5ஆல் (எடை நடுவில் இருப்பதால் 3 மீட்டரில் பாதி) பெருக்க 300. அதை 4ஆல் வகுத்தால் சுவர் தள்ளும் விசை 75 நியூட்டன். அடி நகராமல் இருக்கத் தரை தரவேண்டிய உராய்வும் அதே 75தான்.

இப்போது 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் உச்சி வரை ஏறுகிறார். தரை மேல்நோக்கித் தாங்கும் விசை 200இலிருந்து 800 ஆகிறது, அதாவது நான்கு மடங்கு. அவருடைய 600ஐ 3ஆல் பெருக்க 1800, அதோடு பழைய 300ஐச் சேர்த்து 4ஆல் வகுத்தால் 525. ஆக, உராய்வோ 75இலிருந்து 525 ஆகவேண்டும். ஏழு மடங்கு! தேவைப்படும் உராய்வைத் தரை தாங்கும் விசையால் வகுத்தால், தரைக்கு எவ்வளவு உராய்வுக் குணகம் வேண்டும் என்று தெரியும். முன்பு 0.375 போதும், இப்போது கிட்டத்தட்ட 0.66 வேண்டும். கீழ்ப்படிகளில் அசையாமல் நின்ற ஏணி மேலே போகப்போக ஏன் வழுக்குகிறது என்பது இந்த நாலு வரிக் கணக்கில் வந்துவிட்டது. எனக்கு இந்தப் பாடத்தின் மேல் இருக்கும் பிரியத்துக்கு இதுவே காரணம்.

இதில் பெருக்கல் வகுத்தல் சுலபம். கடினமான வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. சுவரையும் தரையையும் மனதில் அழித்துவிட்டு, ஏணியை மட்டும் தனியாக நிறுத்தி, அழித்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக அது கொடுத்த விசையை வரைந்தோமே, அதுதான் அந்த வேலை. வகுப்பில் இதை ஃப்ரீ பாடி டயகிராம் என்பார்கள், தமிழில் தனிப்பொருள் விசைப்படம். எதைத் தனியே பிரிப்பது, தொட்டுக்கொண்டிருந்த எதையாவது மறந்துவிட்டோமா என்று முடிவெடுக்க எந்தச் சூத்திரமும் உதவாது.

இந்தப் படத்தின் அருமை தெரிய ஒரு துயரமான நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1981 ஜூலை 17. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு பெரிய ஹோட்டலின் கூடத்துக்குள் நடைபாலங்கள் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. நான்காம் மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் மாடிப் பாலமும் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் போட்ட திட்டப்படி, கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்கவேண்டும். கட்டும்போது அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்து, கீழ்ப் பாலத்தை மேல்ப் பாலத்தின் உத்திரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் மேல் உத்திரத்துக்கு அடியில், கம்பியில் முறுக்கப்பட்டு உத்திரத்தைத் தாங்கும் நட்டை மட்டும் பிரித்து வரைந்து பாருங்கள். முன்பு அது ஒரு பாலத்தின் சுமையைத் தாங்கினால் போதும், இப்போது இரண்டையும் தாங்கவேண்டும். சுமை இரட்டிப்பு. முதல் திட்டமே கட்டட விதிகள் கேட்ட வலிமையை எட்டவில்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. இந்த இரட்டிப்பைக் கண்டுபிடிக்கக் கணினியோ உயர்கணிதமோ வேண்டாம், முதலாம் ஆண்டு நிலையியல் போதும்.

சரி, நிலையியல் எல்லாவற்றுக்கும் விடை சொல்லுமா? சொல்லாது. மூன்று கால் முக்காலியில் ஒரு சுமையை வைத்தால் ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்குகிறது என்று கணக்கிடலாம். நாலு கால் மேசை என்றால் முடியாது. தெரியாத விசைகள் 4, செங்குத்து விசைகளுக்குக் கிடைக்கும் சமன்பாடுகள் 3தான். கால்கள் எவ்வளவு அமுங்கும், பலகை எப்படி வளையும் என்று தெரிந்தால்தான் மேலே போகலாம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இங்கேதான் உள்ளே வருகிறது. அது ஏன் தேவை என்று நிலையியலை ஊன்றிப் படித்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாணவ நேயர்களே, தீர்த்து வைத்த கணக்குகளை வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் கை ஓடாது. விடையை மூடிவைத்துவிட்டு முதலில் படத்தை மட்டும் வரையுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் "இந்த விசையை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். கணக்கு முடிந்ததும் வேறொரு புள்ளியை மையமாக வைத்துத் திருப்புத்திறனைக் கூட்டிப் பாருங்கள். சுழி வரவில்லையென்றால் படத்துக்கே திரும்பிப் போங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஏணிக் கணக்கிலேயே தொடங்கலாம். ஏறியவர் பாதி உயரத்தில் நின்றால் உராய்வு எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.