பனியின் விளிம்பில் ஒரு வரைகோடு

[திரையில்: நீலமும் வெண்மையுமான ஒரு நீர்வண்ண ஓவியம்]

இந்த ஓவியத்தைச் சற்று நேரம் பாருங்கள். ஒரு பனியாறு. இடப்பக்கம் உயர்ந்து நிற்கிறது, வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது. மலைச்சரிவுதானே என்று கடந்துபோய்விடத் தோன்றும்.

[திரையில்: பனியின் மேல்விளிம்பு நெருக்கத்தில்]

இப்போது மேல்விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். ஓர் இறக்கம், சின்னதாக ஓர் ஏற்றம், மறுபடியும் இறக்கம். இது தூரிகை தன் போக்கில் போன தடம் அல்ல. அமெரிக்காவின் வடக்கு கேஸ்கேட் மலைகளில் உள்ள பனியாறுகள் 1980 முதல் 2014 வரை எவ்வளவு பனியை இழந்தன என்று காட்டும் வரைகோடு இது. வரைந்தவர் ஜில் பெல்டோ. பனியாற்று ஆய்வாளரான தந்தை மௌரி பெல்டோவுடன் அதே மலைகளுக்கு ஏறிப்போய் அளவெடுத்தவர். பனிமேல் நடந்து அளந்த கைதான் தூரிகையையும் பிடித்திருக்கிறது. அந்தச் சரிவைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போவது அதனால்தான்.

[திரையில்: செயற்கைக்கோள் படம், செக்கச்செவேல் என்று ஒரு காடு]

அறிவியல் படம் என்றாலே கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பிடித்தது என்று நினைக்கிறோம். இந்தக் காடு தீப்பற்றி எரியவில்லை. பச்சை இலை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அது நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிவப்பு நிறத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். அளவு இயற்கையுடையது, நிறம் மனிதர் தேர்ந்தது. கலைஞருக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

[திரையில்: நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் செங்குத்துக் கோடுகள்]

இந்தக் கோடுகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஒரு கோடு ஓர் ஆண்டின் சராசரி வெப்பநிலை. எண்ணும் இல்லை, வரைபடத்துக்குரிய அச்சுக்கோடும் இல்லை. 2018இல் இதை வெளியிட்டவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் எல்லி ஹைவுட், வெப்பநிலைக்கு ஏற்ற நிறங்களில் கம்பளி நூல் எடுத்து ஒரு போர்வை பின்னியிருந்தார். புவி சூடேறிய கணக்கு, போர்த்திக்கொள்ளும் துணியில்!

[திரையில்: பிரம்பும் வண்ண மணிகளும் கொண்ட சிற்பம்]

எனக்கு மிகவும் பிடித்தவர் சிற்பக் கலைஞர் நதாலி மீபாக். புயலின் தரவுகளைக் கூடை முடைவதுபோல் முடைகிறார். தொலைவிலிருந்து பார்த்தால் திருவிழா ராட்டினம்போலத் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு குச்சியும் ஓர் அளவு: வெப்பம், காற்று, காற்றழுத்தம். அழகுக்காக ஒரு மணியைக்கூட இடம் மாற்றுவதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. காற்றழுத்தம் திடீரென்று விழுந்தால் பிரம்பும் அங்கே வளைந்தாக வேண்டும்.

[திரையில்: வளைந்த பிரம்பு, அதன்மேல் ஒரு மணி]