சம்மதம் அமுக்கியது யார்?

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துக் கடல் காற்றில் இவ்வளவு நேரம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். இணையத்தில் நம் தகவலைக் காப்பது சட்டமா, நம் கவனமா? சட்டமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தங்கச்சி நன்றாகப் பேசினார். "படிக்காமல் சம்மதம் என்று அமுக்கிவிட்டு, அப்புறம் சட்டத்தைக் கூப்பிட்டால் எப்படி?" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டிவிட்டேன், பழக்கதோஷம்.

சரி, என் மச்சான் கதைக்கு வருவோம். விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்க, போனில் ஒரு கடன் செயலியில் ஐயாயிரம் வாங்கினார். சம்மதம் அமுக்கியது அவர்தான், ஒத்துக்கொள்கிறேன். தவணை தவறிய மறுநாள் போன் யாருக்கு வந்தது? அவரிடம் மீன் எடுக்கும் வியாபாரிக்கு. அடுத்து பையனின் டியூஷன் டீச்சருக்கு. அடுத்து என் அம்மாவுக்கு. "உங்க பேரைச் சொல்லித்தான் வாங்கினார், நீங்க கட்டுங்க" என்று ஒரே மிரட்டல். அம்மா வைத்திருப்பது பட்டன் போன். அதில் சம்மதம் அமுக்க இடமே கிடையாது! தங்கச்சி, அம்மா இன்னும் எவ்வளவு கவனமாக இருந்திருக்க வேண்டும்?

நம் எண் நம் போனில் மட்டுமா இருக்கிறது? ஊரில் பாதிப் பேர் போனில் இருக்கிறது. அத்தனை பேரையும் நான் காவல் காக்க முடியுமா?

கடன் செயலிகள் போனிலுள்ள எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்குத் தகவல் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலும் படிக்க வழி வைத்தது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

"சட்டம் இருந்தும் நடக்கிறதே" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கிறது. அப்போதும் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போகிறவர் உண்டு. அதற்காகத் தடையை எடுத்துவிட்டு, "மீன்குஞ்சு விஷயத்தில் அவரவர் கவனமாக இருங்கள்" என்று விட்டுவிடலாமா? நான் போகாவிட்டால் பக்கத்துப் படகு போகும். இது நம் பிள்ளைகளுக்கே தெரிந்த கணக்கு.

எதிரணி சொன்ன ஒரு குறை நியாயம். அந்தச் சட்டத்தில் மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் அது தொட்டுவிட்டது. நாளைக்குத் தடைக்கால நிவாரணப் பட்டியலைக் கேட்டால், "தனிப்பட்ட தகவல்" என்று கை விரிக்கலாம். இதை மறைத்துப் பேசினால் நீங்களே என்னை விடமாட்டீர்கள். ஆனால் சட்டம் கோணல் என்றால் திருத்து என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. "கவனமாக இரு" என்ற புத்திமதியை யாரிடம் போய்த் திருத்தச் சொல்வது?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மச்சான் கடனைக் கட்டிவிட்டு எண்ணையும் மாற்றிவிட்டார். வியாபாரியால் மாற்ற முடியவில்லை, தொழிலே அந்த எண்ணில்தான். அவருக்கு இன்னும் போன் வருகிறதாம். நன்றி, வணக்கம்.