ஓட்டுப் போடுறது சக நடிகர்கள்: ஹாலிவுட்டோட 'ஆக்டர் அவார்ட்ஸ்' எப்படி நடக்குது?

(திரையில்: ஒரு பெரிய கூடம். வரிசையா மேசைகள். கேமரா ஒரு மேசையை நோக்கி மெதுவா நகருது.)

வணக்கம். விருது விழான்னாலே பாட்டு, டான்ஸ், மேடை அதிர ஒரு என்ட்ரின்னுதான் நமக்குப் பழக்கம். அமெரிக்காவுல ஒரு விழா அப்படி ஆரம்பிக்காது. கேமரா நேரா ஒரு மேசைகிட்ட போகும். அங்க உக்காந்திருக்கிற ஒருத்தர் தன் கதையை நாலு வரியில சொல்லுவார். முதல் ஆடிஷன், கைநழுவிப் போன வேஷம், வீட்டுல வாங்கின திட்டு, இப்படி ஏதோ ஒண்ணு. கடைசியில தன் பேரைச் சொல்லி, "நான் ஒரு நடிகர்"னு முடிப்பார். அடுத்து இன்னொரு மேசை, இன்னொருத்தர்.

பல வருஷமா ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட் அவார்ட்ஸ்னு, சுருக்கமா ஸாக் அவார்ட்ஸ்னு சொல்லிட்டிருந்த விழா இது. 2026-ல இருந்து 'தி ஆக்டர் அவார்ட்ஸ்'னு பேரை மாத்திட்டாங்க. புதுப் பேர் இல்ல இது. கையில குடுக்கிற சிலைக்கு ஆரம்பத்துல இருந்தே பேர் 'தி ஆக்டர்'தான்.

(திரையில்: சிலை, கிட்டத்துல.)

சிலையைக் கொஞ்சம் பாருங்க. 16 அங்குல உயரம், முழு வெண்கலம், மேல பச்சை படர்ந்த மாதிரி ஒரு பூச்சு. எடை அஞ்சரை கிலோகிட்ட வரும். வாங்கினவங்க பேசும்போது கை மாத்திக் கை மாத்திப் பிடிக்கிறதுக்குக் காரணம் அதுதான். அந்த உருவத்தோட கையில ரெண்டு முகமூடி. ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு அழுவுது.

இந்த விருதைக் குடுக்கிறது பத்திரிகையோ டிவி கம்பெனியோ இல்ல. ஒரு தொழிற்சங்கம். இதை மனசுல வச்சுக்கிட்டாதான் மத்ததெல்லாம் புரியும்.

1933 மார்ச். அமெரிக்காவுல பேங்க் எல்லாம் மூடிக் கிடந்த நேரம். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தைப் பாதியா வெட்டுறோம்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியும் நிலைமை நல்லா இல்ல. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரந்தான் வேலைன்னு ஒரு வரம்பே கிடையாது. நடிகர்கள் கொஞ்சப் பேர் ஒரு வீட்டுல கூடிப் பேசினாங்க. அந்த வருஷமே சங்கம் பதிவாச்சு. ஸ்டுடியோக்கள் உடனே மதிக்கல. 1937-ல, வேலைநிறுத்தத்துக்கு ரெடின்னு காட்டின பிறகுதான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க.

அடுத்த பெரிய சண்டை 1960. படம் தியேட்டர்ல ஓடி முடிஞ்சு டிவிக்கு விக்கிறாங்க, அந்தப் பணத்துல நடிச்சவங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா? வேலைநிறுத்தம் நடந்துச்சு. அப்ப சங்கத் தலைவர் யாரு தெரியுமா? பின்னாடி அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன். மறு ஒளிபரப்புப் பங்கு, பென்ஷன், மருத்துவக் காப்பீடு, எல்லாத்துக்கும் அந்தப் போராட்டத்துலதான் வழி பிறந்துச்சு.

விருது விழா இதுக்கெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு வந்தது. 1995 பிப்ரவரி 25, யுனிவர்சல் ஸ்டுடியோவுல ஒரு ஷூட்டிங் ஃப்ளோர்ல முதல் விழா. முதல் வருஷம் சினிமாவுல சிறந்த நடிகர் டாம் ஹேங்க்ஸ், சிறந்த நடிகை ஜோடி ஃபாஸ்டர்.

சரி, யாரு தேர்ந்தெடுக்கிறாங்க?

சங்க உறுப்பினர்கள்ல இருந்து குலுக்கல் மாதிரி ஆட்களை எடுப்பாங்க. சினிமாவுக்குச் சுமார் 2,500 பேர், டிவிக்கு இன்னொரு குழு. நாமினேஷன் அவங்க கையில. இறுதி ஓட்டு சங்கத்துல ஓட்டுரிமை இருக்கிற எல்லாருக்கும் போகும், லட்சம் பேருக்கும் மேல. 2012-ல டிவி, ரேடியோ கலைஞர்கள் சங்கமும் இதோட இணைஞ்சது. அந்த லட்சத்துல டப்பிங் குரல் குடுக்கிறவங்களும் இருக்காங்க, கூட்டத்துல நிக்கிறவங்களும் இருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் வேலை கிடைச்சதுன்னு இருக்கிறவங்களும் இருக்காங்க. மெரில் ஸ்ட்ரீப் ஓட்டுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் இவங்க ஓட்டுக்கும். எனக்கு இந்த விழா மேல மரியாதை வந்ததே இதைப் படிச்ச பிறகுதான்.

நடிப்புக்கு மட்டுந்தான் விருது. டைரக்டருக்கு, தயாரிப்பாளருக்கு, கதைக்குக் கிடையாது. சிறந்த படம்னு ஒண்ணு கிடையாது. அந்த இடத்துல, மொத்த நடிகர் குழுவுக்கும் சேர்த்து ஒரு விருது. விழாவோட உயிரே இதுதான். 2009-ல 'ஸ்லம்டாக் மில்லியனர்' குழுவுக்குக் கிடைச்சது. இர்ஃபான் கான், அனில் கபூர் எல்லாம் அந்தக் குழுவுல உண்டு. 2020-ல கொரியப் படம் 'பாரசைட்'. அந்தப் படத்துல ஒரு நடிகருக்குக்கூடத் தனியா நாமினேஷன் இல்ல, ஆஸ்கர்லயும் இல்ல. ஆனா கதை நடக்கிற அந்த வீட்டுக்குள்ள யாராவது ஒருத்தரை எடுத்துட்டுப் படத்தை யோசிச்சுப் பாருங்க, நிக்காது. அதைச் சக நடிகர்கள் கண்டுக்கிட்டாங்க. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒண்ணு அந்த விருதை வாங்கினது அதுதான் முதல் தடவை.

இதுலயும் ஒரு குறை உண்டு, சொல்லியே ஆகணும். டைட்டில்ல தனி கார்டு, அதாவது திரையில தன் பேர் மட்டும் தனியா வந்தவங்கதான் குழுவுல சேர்த்தி. ஒரே கார்டுல நாலு பேரோட சேர்ந்து பேர் வந்தா, படத்துல எவ்வளவு நல்லா செஞ்சிருந்தாலும் விருதுல பேர் வராது. தனி கார்டு கிடைக்கிறது சம்பளம் பேசும்போது முடிவாகிற விஷயம், நடிப்பைப் பார்த்து இல்ல. ஒரு சங்கம் குடுக்கிற விருதுல இந்த விதி இருக்கிறது எனக்கு ஒப்பல.

ஸ்டண்ட் கலைஞர்களுக்கு 2008-லயே விருது ஆரம்பிச்சாங்க. ஆஸ்கர்ல ஸ்டண்டுக்குன்னு விருது 2028 விழாவுலதான் வரப்போகுது, இருபது வருஷ வித்தியாசம். ஆனா இங்கயும் அந்த விருதைப் பெரும்பாலும் முக்கிய நிகழ்ச்சி தொடங்குறதுக்கு முன்னாடியே அறிவிச்சு முடிச்சிடுறாங்க. மாடியில இருந்து குதிச்சவங்களை மேடைக்குக் கூப்பிட அஞ்சு நிமிஷம் ஒதுக்கலாம்.

(திரையில்: 2023 விழா.)

2023 பிப்ரவரி 26. 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்கு நாலு விருது. கீ ஹுய் குவான்னு ஒருத்தர், சின்ன வயசுல ஸ்பீல்பெர்க் படத்துல நடிச்சவர். பெரியவரானதும் வேஷமே வரல, கிட்டத்தட்ட இருபது வருஷம் நடிப்பை விட்டுட்டார். இந்தப் படத்தை முடிச்ச பிறகும் கொரோனா காலத்துல வேலை கிடைக்காம, மருத்துவக் காப்பீடே போயிடுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். சங்கத்தோட காப்பீட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவு சம்பாதிச்சிருக்கணும்னு கணக்கு உண்டு. 2023-ல அது 26,470 டாலர். பெரும்பாலான உறுப்பினர்கள் அதை எட்டுறதில்ல. அதே வருஷம் ஜூலையில சங்கம் வேலைநிறுத்தத்துல இறங்கி 118 நாள் நின்னதுக்கு, ஏஐ பயத்தோட இந்த வருமானக் கணக்கும் ஒரு காரணம். அப்படிப்பட்டவங்க ஓட்டுலதான் குவான் ஜெயிச்சார். மேடையில அழுதுக்கிட்டே, இன்னும் வாய்ப்புக்குக் காத்துக்கிட்டு இருக்கிற நடிகர்களைப் பார்த்து, விட்டுடாதீங்கன்னு சொன்னார்.

அப்புறம் குழு விருது. எல்லாரும் மேடை ஏறினாங்க. மைக்கைப் பிடிச்சது ஜேம்ஸ் ஹாங், சீன வம்சாவளி நடிகர். வயசு 94. 1950-கள்ல இருந்து நடிக்கிறவர். ஒரு காலத்துல சீனர் வேஷத்துக்கு வெள்ளைக்காரங்க கண்ணை டேப் போட்டு இழுத்துக்கிட்டு நடிச்சதையும், ஆசியர்களுக்கு நடிப்பும் வராது, வசூலும் வராதுன்னு தயாரிப்பாளர்கள் சொன்னதையும் அந்த மேடையிலயே சொன்னார். சொல்லிட்டு, பின்னாடி நின்ன மொத்தக் குழுவையும் காட்டி, இப்ப எங்களைப் பாருங்கன்னார். நூறு வயசுல திரும்பி வர்றேன்னும் சொல்லிட்டுத்தான் இறங்கினார்.